சிங்கராயரைத் தேடி வந்த அடிக்கற்கள்

நெடுங்கரைத் தீவை இருபத்தேழு வருஷம் ஆண்ட முன்னாள் ஜனாதிபதி சிங்கராயருக்குப் பதினான்கு வருஷம் கடுங்காவல் என்று நீதிபதி வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிய அன்று சாயங்காலமே, உப்பளச் சிறையின் வாசலுக்கு முதல் கல் வந்து சேர்ந்தது. நடந்துதான் வந்தது. எப்படி நடந்தது, காலா முளைத்தது என்றெல்லாம் கேட்டால் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நகராது, ஒரு தும்மல் தும்மிவிட்டுத் திரும்பினால் நாலடி முன்னால் வந்திருக்கும் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு.

இரண்டடி உயரக் கருங்கல். மேலே மஞ்சள் குங்குமம் காய்ந்த அடையாளம். நடுவில், விரல் நுழையும் ஆழத்துக்கு வெட்டிப் பொன்வண்ணம் ஊற்றிய எழுத்தில், "மேதகு சிங்கராயர் அவர்களின் பொற்கரங்களால்". வாசல் காவலர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய் ஜெயிலர் கோமதிநாயகத்திடம் சொன்னார்: "ஐயா, கைதியைப் பார்க்க ஒரு அடிக்கல் வந்திருக்கு."

கோமதிநாயகம் முப்பது வருஷச் சர்வீசில் எதற்கும் அசைந்தவரில்லை. "பார்வை நேரம் நாலிலிருந்து அஞ்சு. இப்ப மணி ஆறரை. நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் நாலு மணிக்கு ஏழு கற்கள் நின்றன. அந்த வாரக் கடைசியில் நாற்பது. பார்வையாளர் பதிவேட்டில் பெயர், ஊர், கைதிக்கு என்ன உறவு என்று மூன்று கட்டம் இருக்கும். பெயர் என்ற கட்டத்தில் எழுத்தர் "கல்" என்று எழுதினார். ஊர் கட்டத்தைக் காலியாக விட்டார். உறவு என்ற கட்டத்தில் பேனாவைக் கடித்து ரொம்ப நேரம் யோசித்து, கடைசியில் "வேண்டியவர்" என்று எழுதிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போனார்.

ஊர் கட்டம் காலியாகப் போனதற்குக் காரணம் இருந்தது. சிங்கராயர் பதவியேற்ற முதல் வருஷமே போட்ட உத்தரவு அது: அடிக்கல்லில் தன் பெயரை ஆழமாக வெட்ட வேண்டும், ஊர்ப் பெயரைச் சாயத்தில் எழுதினால் போதும், கல் மிச்சமானால் வேறு ஊருக்குக் கொண்டுபோகலாமே. சாயம் இரண்டு மழைக்குத் தாங்கவில்லை. இப்படியாக அறுநூற்றுப் பன்னிரண்டு கற்கள் தாங்கள் எந்த ஊர், எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் வெயிலிலும் மழையிலும் நின்று நின்று, தங்களிடம் பாக்கியிருந்த ஒரே பெயரை விசாரித்துக்கொண்டு கிளம்பிவிட்டன. பெயருக்குரியவர் இருக்கும் இடம் அன்றைக்குத்தான் ரேடியோவில் தெளிவாகச் சொல்லப்பட்டது.

தீவு ஜனங்கள் இதற்குப் பழகிக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று, அதுவும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்ததால். கடற்கரைச் சாலையில் கல் வரிசையாகப் போனால் லாரிக்காரர்கள் விளக்கைத் தணித்து ஒதுங்கினார்கள். வயசான கல் என்று பட்டால் பெண்கள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அனுப்பினார்கள். பஸ்ஸில் ஏறிக்கொண்ட ஒரு பாலத்து அடிக்கல்லுக்கு லக்கேஜ் போடுவதா அரை டிக்கெட் போடுவதா என்று கண்டக்டருக்கும் பயணிகளுக்கும் தகராறு வந்து, கடைசியில் மாற்றுத் திறனாளி இருக்கையில் உட்கார வைத்து இலவசமாக அழைத்துப் போனார்கள். கல் எழுந்துபோன குழிகளில் சிலர் வாழை வைத்தார்கள். கல்லூரி வரப்போகிறது என்று இருபது வருஷமாகப் பொண்ணைக் கட்டிக் கொடுக்காமல் வைத்திருந்த ஒருத்தர், குழியைப் பார்த்ததும் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்.

சிங்கராயர் தம் அறையின் கம்பி வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயசு. படகுத்துறையில் ஆள் கூவி ஏற்றுகிற வேலையில் ஆரம்பித்தவர் அவர். "ஏறு ஏறு, இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கு" என்று அவர் கூவினால், தண்ணீர் விளிம்பைத் தொட்டு நிற்கிற படகில்கூட மனுஷன் நம்பி ஏறுவான். அந்தக் குரலைக் கட்சிக்காரர்கள் கேட்டார்கள், மேடையில் ஏற்றினார்கள், மேடையிலிருந்து அவர் இறங்கவேயில்லை. கவுன்சிலர், மந்திரி, ஜனாதிபதி, மறுபடி ஜனாதிபதி, சட்டத்தைத் திருத்தி மறுபடியும் ஜனாதிபதி. போகிற ஊரிலெல்லாம் வெள்ளிக் கரணையால் மூன்று தரம் சாந்து அள்ளி வைத்துக் கல் நாட்டினார். பிற்பாடு வீட்டைச் சோதனை போட்டபோது கட்டிலுக்கு அடியில் அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளிக் கரணைகள் அகப்பட்டன.

அவரைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி அல்ல, ஒரு ஐப்பசிப் புயல். அரசாங்க வரைபடத்தில் சிவப்பு முக்கோணம் போட்டுக் காட்டியிருந்த புயல் காப்பகத்தை நம்பி, மூன்று கிராமத்து ஜனம் பிள்ளைகுட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடிப்போய், இரண்டடி உயரக் கல் ஒன்றைச் சுற்றி நின்றது. காற்று ஓய்ந்தபோது கல் மட்டும் நின்றது. அதற்கப்புறம் தேர்தல், தோல்வி, கைது, பதினெட்டு மாதம் வழக்கு. கட்டாத கட்டடங்களைக் கட்டியதாகக் கையெழுத்துப் போட்ட குற்றம்.

மேல்முறையீடு வியாழக்கிழமை. வக்கீல் பட்டாபிராமன் புத்திசாலி. கற்கள் வந்து குவிந்ததைப் பார்த்து முதலில் பயந்தார், அப்புறம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஐயா, கடவுளே நமக்குச் சாட்சி அனுப்பியிருக்கார். கட்டடம் எல்லாம் கட்டினோம். புயல் அடிச்சுட்டுப் போயிடுச்சு. அஸ்திவாரக் கல்லு மட்டும் மிஞ்சி, துக்கம் தாளாம உங்களைத் தேடி வந்திருக்கு. எப்படி?"

"நம்புவாங்களா?"

"மூணு நீதிபதியில ரெண்டு பேர் நீங்க நியமிச்சவங்க. நம்பறதுக்கு அவங்களுக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான். நீங்க வியாழக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காம இருந்தாப் போதும். வெள்ளிக்கிழமை வீட்ல சாப்பாடு."

வாயைத் திறக்காமல் இருப்பது ஏன் முக்கியம் என்றால், அதற்கு முந்தின வாரம் ஒரு விபரீதம் நடந்திருந்தது. முற்றத்துக் கற்களைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, சிங்கராயர் ஒன்றைப் பார்த்துக் கத்தினார்: "என்னடா முறைக்கிறே? நீ மருதங்குடி நூலகம்தானே? அந்த ஊர்க்காரன் எனக்கு ஓட்டுப் போடல, நான்தான் நிறுத்தினேன், போ!" அந்தக் கல் ஒரு குலுங்கு குலுங்கிற்று, புறப்பட்டது, வந்த வழியே மருதங்குடிக்குப் போயே விட்டது. ஊரையும் உண்மையையும் அவர் வாயால் கேட்டால் கல் திரும்பும் என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. மறுநாளே அரசாங்கத் தரப்பு, முற்றத்தில் ஒரு மேஜை போட்டு ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்தது, சிங்கராயர் கல்லோடு பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொள்ள. திரும்புகிற ஒவ்வொரு கல்லும் அவர் கழுத்துக்கு ஒரு சுருக்கு. சிங்கராயர் உதட்டைத் தைத்துக்கொண்டவர்போல் ஆனார்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு, ஒரு கல்லோடு கூடவே ஒரு பெண்பிள்ளையும் வந்தாள். பாதம் வெடித்து, புடவையில் செம்மண் ஏறி, கல்லுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். பெயர் செவத்தியாள். காயலுக்கு அந்தப் பக்கம் கொக்குமுனை. அங்கே பிள்ளைப்பேறு பார்க்கிறவள்.

"பதினோரு நாளா இது பின்னாலயே நடக்கிறேன்" என்றாள் கம்பிக்கு வெளியே உட்கார்ந்து. "நில்லு நில்லுன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது. உங்ககிட்டதான் வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. இதைத் திருப்பி அனுப்பிவிடுங்க ராசா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சிங்கராயர் குமாஸ்தாவின் பேனாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது எங்க ஆஸ்பத்திரி."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா. பத்தொன்பது வருசத்துக்கு முன்னால நீங்க வந்து, பிரசவ ஆஸ்பத்திரி வரும்னு இதை நட்டுட்டுப் போனீங்க. வரல. வலி எடுத்த பொண்ணுகளைத் தோணியில போட்டுக் காயலைத் தாண்டிக் கொண்டு போவோம். எம்மக பாதித் தண்ணியிலயே போயிட்டா. அதுக்கப்புறம் நான் ஒருத்தியையும் தோணியில ஏத்தல. இந்தக் கல்லுகிட்டயே பாயை விரிச்சு, சுத்திச் சேலை கட்டி, இங்கயே பெறுங்கடீன்னுட்டேன். குத்தவச்சு இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா வாகா இருக்கும். நூத்தி நாப்பத்திமூணு பிள்ளை. ஒண்ணு பழுதாகல. பாருங்க, உங்க பேரு எப்படித் தேஞ்சுருக்குன்னு."

பார்த்தார். எழுத்துகளின் விளிம்பெல்லாம் வழுவழுவென்று மழுங்கி, பொன்வண்ணம் போய், விரல் பதிந்த பள்ளமாகக் கிடந்தது. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"என் பேரையா பிடிச்சு இழுத்தாளுங்க?"

"வேற எதுல விரல் நுழையும்? ஆழமா வெட்டினது அது ஒண்ணுதானே. உங்க பேரைப் பிடிச்சுக்கிட்டு, உங்களைத் திட்டித்தான் எல்லாரும் பெத்தோம். திட்டினாத்தான் முக்க வருது."

குமாஸ்தா சிரித்துவிட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

"இப்ப எம்மருமக ஞானசவுந்தரிக்கு நாள் நெருங்கிடுச்சு. வியாழன், மிஞ்சினா வெள்ளி. ஏற்கெனவே ஒண்ணு கலைஞ்சது அவளுக்கு. கல்லு எந்திரிச்சுப் போன அன்னிக்கே, அது இல்லாம நான் பெறமாட்டேன் அத்தேன்னு காலைச் சேர்த்து வச்சுக்கிட்டு அழுறா. பயந்த பொண்ணுக்குப் பிள்ளை எப்படி இறங்கும்? தோணியில ஏத்தவும் எனக்குக் கை வரல. ஒரு வார்த்தை சொல்லுங்க ராசா."

சிங்கராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வக்கீலுக்கும் ஆபத்தில்லாமல் கல்லுக்கும் திருப்தியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். "கொக்குமுனை மருத்துவமனையே! அதிகாரிகளின் மெத்தனத்தால் நீ தாமதமானாய். போய் வா."

கல் அசையவில்லை.

"ஒப்பந்தக்காரன் ஏமாற்றிவிட்டான்."

அசையவில்லை.

"நிதி நெருக்கடி."

"அது எங்க ஊர்க் கல்லுய்யா" என்றாள் செவத்தியாள். "எத்தனையோ பொம்பளைங்க பொய்வலியையும் நெசவலியையும் கேட்டுக் கேட்டுப் பழகினது."

மணி அடித்தது. பார்வை நேரம் முடிந்தது. அவள் வாசலிலேயே முடங்கிக்கொண்டாள்.

அன்றிரவெல்லாம் சிங்கராயர் தம்மோடு தாமே வழக்காடினார் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ அவர் நன்றாகத் தூங்கினார் என்றுதான் தோன்றுகிறது. குறட்டைச் சத்தத்துக்குச் சாட்சி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவள் மறுபடி வந்தாள். கேட்கவில்லை, கும்பிடவில்லை. கல்லின் தலையில் கையை வைத்து, "நீ இங்கயே இரு. நான் போய் அவளைத் தோணியில ஏத்துறேன். மாதா விட்ட வழி" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். சிங்கராயரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதுதான் அவரைத் தைத்தது. இரக்கம் என்று சொல்லி அவரைப் பெரிய ஆளாக்க நான் தயாரில்லை. இருபத்தேழு வருஷத்தில் அவர் நாட்டிய அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றே ஒன்று, தன்பாட்டுக்கு, அவரைக் கேட்காமலே, ஆஸ்பத்திரியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் தாமே இழுத்து மூடிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இது போனால், பிறந்து வளர்ந்து ஆண்டதற்குக் காட்ட ஒரு செங்கல்கூட இல்லை.

"ஏம்மா, நில்லு!" என்று கூப்பிட்டார். படகுத்துறையில் கூவிய அதே குரல்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லைப் பார்த்துப் பேசினார். "நீ கொக்குமுனை. உன்மேல பிரசவ ஆஸ்பத்திரி வரணும். பன்னிரண்டு படுக்கை. பணம் வந்தது. எனக்குத் தலைநகர்ல சிலை வச்சாங்க. நின்ன மாதிரி சிலை. வெறுமனே நின்னா பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி இருக்குன்னு எனக்குப் பட்டுச்சு. ஆஸ்பத்திரிப் பணத்துல குதிரை வாங்கினேன். வெண்கலக் குதிரை. நான்தான் கையெழுத்துப் போட்டேன். நான் ஒருநாளும் குதிரை ஏறினதில்லை."

குமாஸ்தாவின் பேனா கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. வக்கீல் பட்டாபிராமன் அந்நேரத்துக்கு உள்ளே வந்தவர், பாதிப் பேச்சைக் கேட்டுக் கையிலிருந்த வழக்குக் காகிதக் கட்டைக் கீழே போட்டார்.

கல் குலுங்கிற்று. யார் தும்மினார்களோ தெரியாது, வாசலுக்கு வெளியே நின்றது.

செவத்தியாள் நன்றி சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணினாள். "பதினோரு நாளாகுமே. இருக்கிறது ரெண்டு நாளு."

இதை அவர் யோசிக்கவில்லை. "ஓடு!" என்றார் கல்லைப் பார்த்து. "ஓடு, ஓடு!" கல்லுக்கு ஓடத் தெரியாது.

ஆனால் முற்றத்தில் நின்ற எல்லாரும் கேட்டிருந்தார்கள், சிங்கராயர் உண்மை சொல்லிவிட்டார் என்ற செய்தி, கற்கள் நடந்ததைவிடப் பெரிய அதிசயமாகச் சாலை நெடுக ஓடிற்று. போகிற இடம் தெரிந்துவிட்ட கல்லுக்குக் கனம் குறைவு போலிருக்கிறது. ஆறு பேர் தூக்கினால் எழும்பிற்று. தீவின் மேற்குப் பக்கத்துப் பஸ்ஸில் பயணிகள் இறங்கிக்கொண்டு கல்லையும் செவத்தியாளையும் ஏற்றினார்கள். பஸ் நின்ற இடத்தில் ஐஸ் வண்டி, ஐஸ் வண்டி நின்ற இடத்தில் கோயில் தேர்வடத்தைப் போட்டு இழுக்கிற இருநூறு கை. ரேடியோக்காரர்கள் மணிக்கொரு தரம் சொல்ல ஆரம்பித்தார்கள்: கல் வேம்படிச் சந்தை தாண்டியது. கல்லுக்கு முன்னால் மாடு மறித்தது, மாடு விலகியது. வலி இன்னும் எடுக்கவில்லை என்று கொக்குமுனையிலிருந்து தகவல்.

நடைகூடத்தில் ஆணியில் தொங்கிய காவலரின் டிரான்சிஸ்டரோடு சிங்கராயர் ஒட்டிக்கொண்டார். புதன்கிழமை சோறு வேண்டாம் என்றார். "எங்கே இருக்கு? எங்கே இருக்கு?" என்று கோமதிநாயகத்தை மணிக்கு நாலு தரம் கேட்டார். வக்கீல் வந்து, அந்த வாக்குமூலம் மனநிலை சரியில்லாதபோது சொன்னது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். சிங்கராயருக்குக் கை நீண்டது; எதை நீட்டினாலும் உடனே கையெழுத்துப் போடப் பழகிய கை அது. அப்புறம், போட்டால் கல் வழியிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கையை இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். "உங்க தலையெழுத்து" என்று பட்டாபிராமன் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிச் செய்தி: கல் காயல் கரையில் இருக்கிறது. ஞானசவுந்தரிக்கு வலி கண்டிருக்கிறது. நான்கு தோணிகளைச் சேர்த்துக் கட்டிக் கல்லை ஏற்றுகிறார்கள். நீரோட்டம் எதிராக இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு, சிங்கராயர் காதைப் பெட்டியில் அழுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தபோது, ரேடியோவில் சங்கு ஊதிற்று. அந்தச் சங்கு எதற்கென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. ஆட்சிக்கு வந்த இரண்டாம் வருஷம் அவரே போட்ட சட்டம்: சிங்கராயர் அவர்களைப் பற்றி முக்கியச் செய்தி வந்தால் அன்று முழுவதும் வேறு செய்தி வாசிக்கக் கூடாது. வந்த புது அரசாங்கத்துக்கு அதை ரத்து செய்ய ஞாபகம் வரவில்லை.

"மேதகு சிங்கராயர் அவர்களின் மேல்முறையீடு தள்ளுபடி. தண்டனை இருபத்தோரு வருஷமாக உயர்வு" என்று அறிவிப்பாளர் கணீரென்று சொன்னார். "மேதகு சிங்கராயர் அவர்கள் படகுத்துறைப் பேட்டையில் பிறந்தார்..."

"கல்லு?" என்றார் சிங்கராயர். "கல்லு எங்கடா?"

"மேதகு சிங்கராயர் அவர்கள் தமது பன்னிரண்டாம் வயதில்..."

"என் பேரை விடுடா! தோணி என்னாச்சு? அவளுக்குப் பிள்ளை பிறந்துச்சா?" பெட்டியை இரண்டு கையாலும் உலுக்கினார். அது அவருடைய பழைய மேடைப் பேச்சைப் போட்டது. நெஞ்சு நிமிர்ந்த, தேனும் வெல்லமும் ஒழுகுகிற அவர் குரலே அவர் முகத்துக்கு நேராக, எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும் என்று முழங்கிற்று. கைதிகள் கூடிவிட்டார்கள். கோமதிநாயகம் வந்து தோளைப் பிடித்தார். "ஐயா, உட்காருங்க. இருபத்தோரு வருஷம்னு சொல்றாங்க, காதுல விழுந்துச்சா?"

"அதை எவன் கேட்டான்? நிறுத்தச் சொல்லு. ஒரு வரி. கல்லைப் பத்தி ஒரே ஒரு வரி சொல்லிட்டு அப்புறம் என்னைப் பத்திப் பேசட்டும்" என்று, வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாத மனுஷன், ஆணியில் தொங்கிய பெட்டியைப் பார்த்துக் கை கூப்பினார். ரேடியோ அன்று ராத்திரி நிலையம் மூடும்வரை அவரைப் பற்றியே பேசிற்று. மறுநாள் செய்தியில் மீன் விலையும் மழையும் வந்தன, கல் பழங்கதையாகிவிட்டிருந்தது.

கொக்குமுனையில் வியாழக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு, கரையேறிப் பாதி ஈர மணலில் நின்ற கல்லைப் பிடித்துக்கொண்டு ஞானசவுந்தரி பெண் குழந்தை பெற்றாள். தாயும் பிள்ளையும் சுகம். செவத்தியாள் கையைக் கழுவிவிட்டு, தோணிக்காரர்களுக்கும் ஐஸ் வண்டிக்காரனுக்கும் பஸ் கண்டக்டருக்கும் சந்தைக்காரர்களுக்கும், ஒருத்தர் விடாமல், மறக்காமல் ஆள் அனுப்பிச் செய்தி சொன்னாள். உப்பளச் சிறைக்கும் சொல்ல வேண்டும் என்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.